கோழி வாசல்

"மதாம், நான் வருஷக்கணக்கா பஸ் ஓட்டினவன். குடிகாரன், கல்யாண கோஷ்டி, ஸ்கூல் பசங்க, எல்லாரும் என் மேல வாந்தி எடுத்திருக்காங்க. நான் வாயத் திறந்ததில்ல. ஆனா ஒரு கோழி என் தொப்பிய கக்கூஸா நெனைக்குதுன்னா..."

"கத்தாத பஸ்தியான்."

"நானா கத்துறேன்? அதுங்கதான் கத்துது!"

உண்மைதான். கூண்டுக்குள் இரண்டு மனிதர்கள் நுழைந்ததும் வானம் இடிந்து விழுந்ததுபோல் கோழிகள் அலறின. இறகு பறந்தது, தூசி பறந்தது. பஸ்தியான் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தே நின்றான். நிமிர்ந்தால் தகரக் கூரை இடிக்கும். ஆகஸ்ட் வெயிலில் அந்தத் தகரம் அடுப்பில் போட்ட தோசைக்கல்லாய்க் காய்ந்திருந்தது.

அவனை உதவிக்கு வைத்திருக்கும் லெயோனி தாரிகாத் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்துபோன வைக்கோல் கொட்டகைகளைத் துழாவி, கொளுத்தியது யார் என்று சொல்லியே தலை நரைத்தவள் அவள். சாம்பலில் மண்டியிட்ட முழங்காலுக்குக் கோழி எச்சம் ஒரு பொருட்டா?

"கத்தட்டும். வெளிய ரெமிக்குக் கேக்குதான்னு கேளு."

பஸ்தியான் கம்பிவலை வழியே குரல் கொடுத்தான். "ரெமி! கோழிச் சத்தம் கேக்குதாய்யா?"

"செத்தவனுக்கே கேக்கும்!" என்று மரத்தடியிலிருந்து பதில் வந்தது. சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை அது என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். அப்புறம் வந்தது வெறும் இருமல்.

செத்தவர் கஸ்தோன் லபாதி. புய்காப்ரெல் மேட்டில் பாதித் திராட்சை அவருடையது. கோடை வந்தால் ரெமியின் வெள்ளை வேன் பயணிகளை ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போகும். போகிற இடத்திலெல்லாம் ஒரு வாய் ஒயின், ரெமியின் நாலு பொய். கடைசியில் லபாதி வீட்டு வால்நட் மரத்தடியில் மதியச் சாப்பாடு. மூன்று நாளைக்கு முன்னால் அப்படிச் சாப்பாடு முடிந்தது. பயணிகள் வெயில் மயக்கத்தில் ஆளுக்கொரு நிழலைத் தேடிப் போனார்கள். கஸ்தோன், பழைய பிராந்தி ஒன்று எடுத்து வருகிறேன் என்று ஒயின் கிடங்குக்குள் போனார். திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தபோது தலை உடைந்து கிடந்தார். பீப்பாய் மூடியைத் தட்டி இறக்குகிற மரச்சுத்தியல் பக்கத்தில் கிடந்தது.

கிடங்குக் கதவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து ரெமி சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். கஸ்தோனுக்குப் பிறகு ஒரு ஈ கூட உள்ளே போகவில்லை என்று சத்தியம் செய்தான்.

ஆனால் கிடங்குக்கு இன்னொரு வாசல் இருந்தது. பெரிய பீப்பாய்க்குப் பின்னால், இடுப்பு உயரத்தில் ஒரு பலகைக் கதவு. திறந்தால் கோழிக் கூண்டு. வீட்டில் அதைக் கோழி வாசல் என்பார்கள். அந்தப் பக்கம் பீப்பாய் மறைக்கும், இந்தப் பக்கம் கோழிகள் முட்டையிடும் பெட்டிகள் மறைக்கும். அசலூர்க்காரன் ஆயுசுக்கும் தேடினாலும் கண்ணில் படாது.

போலீஸ் அதிகாரி ரூக்கெத்துக்கு அது போதுமாயிருந்தது. அந்த வாசலைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் செத்துப்போனார். இன்னொருத்தி அவர் மகள் மயிலிஸ். சம்பவம் நடந்த அன்று காலையில்தான், தோட்டத்தை விற்பதா வேண்டாமா என்று அப்பாவும் மகளும் தொண்டை கிழியச் சண்டை போட்டிருந்தார்கள். இன்று சாயங்காலம் வந்து அவளைக் கூட்டிப் போவதாக ரூக்கெத் சொல்லிவிட்டார். விடுதியில் நிறுத்தி வைத்திருந்த பயணிகள் நாலு பேரும் சாயங்கால ரயிலில் ஊருக்குப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார். அதற்குள் வேறொரு ஆளைக் காட்டாவிட்டால் மயிலிஸ் சிறைக்குப் போவாள். அப்புறம் யாரும் எதையும் தோண்டப் போவதில்லை. அதனால்தான் அவள் லெயோனியை வரவழைத்திருந்தாள்.

லெயோனி முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தாள். "இந்தக் கூச்சல் ரெமிக்குக் கேக்குதுன்னா அன்னைக்கும் கேட்டிருக்கணும். மத்தியானம் பூரா நிசப்தம்னான். அப்ப, வந்த ஆளுக்கு இதுங்க வாய அடைக்கத் தெரிஞ்சிருக்கு."

"எப்படி? பாட்டுப் பாடியா?"

"சோளம் போட்டு."

கம்பிக் கதவுக்குப் பின்னால், கை போனால் எட்டுகிற மூலையில், சோளம் போட்டு வைக்கும் தகர டப்பா இருந்தது. அதன் மூடி மேல் தேங்காய் அளவுக்கு ஒரு கல். லெயோனி அந்தக் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கோயில் சிலையைப் பார்ப்பதுபோல.

கம்பிக்கு வெளியே மயிலிஸ் வந்து நின்றாள். முப்பது சொச்சம் வயது, வெயிலில் கறுத்த கைகள், அழுது வீங்கிய கண்கள். கையில் தண்ணீர் ஜாடி.

"மயிலிஸ், தகரத்து மேல கல் வைக்கிறது யாரும்மா?"

"கல்லா? அது கதவு காத்துல அடிக்காம முட்டுக் குடுக்குற கல் மதாம். கீழதான் கெடக்கும். தகரத்துக்குத்தான் கொக்கி இருக்கே, கல் எதுக்கு?"

"மேல இருக்கே."

மயிலிஸ் எட்டிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. "நான் வெக்கல. மூணு நாளா உள்ள போக விடாம போலீஸ் முத்திரை போட்டு வெச்சிருந்தாங்க. கம்பி வழியா பழைய ரொட்டிதான் போடுறேன்."

"இந்தத் தகரத்துக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?"

"மரப்பெட்டி இருந்துச்சாம். எலி மூடியத் தள்ளிட்டு உள்ள போயிடும்னு கல் வெப்பாங்களாம். அப்பா சொல்வார். எனக்கு நெனவில்ல, நான் குழந்தை."

"யார் வெப்பாங்க?"

"அப்ப இருந்தவங்க. வேலையாளுங்க, திராட்சை பறிக்க வர்றவங்க. அம்மா வெச்சிருப்பா." தண்ணீர் ஜாடியை வேறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நான் நடக்கப் பழகுறதுக்குள்ள அம்மா ஆத்தோட போயிட்டா. உடம்பு கூடக் கெடைக்கல. கல்லறையில பேர் மட்டும்தான் இருக்கு."

அவள் போன பிறகு பஸ்தியான் மெல்ல விசிலடித்தான். "பழைய ஆள். வந்தான், தெரிஞ்ச மூலையில கையை விட்டான், சோளத்தைப் போட்டான், பழைய ஞாபகத்துல கல்லத் தூக்கி மேல வெச்சான். போகும்போது கொலையும் பண்ணிட்டுப் போனான்."

"கல் வெச்சது அந்த ஆளுக்கே தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா வெச்சிருப்பாங்களா?"

"அப்ப பயணிகள்ல அந்த பெல்ஜியம்காரன்தான் மதாம்! வெர்மெயர். பேரக் கேட்டாலே ஜோடிச்ச மாதிரி இருக்கு. சின்ன வயசுல இங்க அறுவடைக்கு வந்திருப்பான். பறிக்குற ஆளு இப்ப குடிக்குற ஆளா வந்திருக்கான்."

"இருக்கலாம். பல் டாக்டரா இருக்கலாம், அவர் பொண்டாட்டியா இருக்கலாம். அல்சாஸ்லருந்து வந்திருக்காங்களே அந்த விதவை, மதாம் பெக்கர், அவங்களா இருக்கலாம். ஏன், ரெமியே இருக்கலாம்."

"ரெமி துலூஸ்ல பொறந்தவன் மதாம். அவனுக்குக் கோழின்னா கடையில தோலுரிச்சுத் தொங்குறதுதான் தெரியும்."

லெயோனி சிரிக்கவில்லை. "நாலு பேரோட காகிதமும் சுத்தமா இருக்குன்னு ரூக்கெத் சொல்லிட்டார். காகிதத்துக்குப் பொய் சொல்லத் தெரியும். கைக்குத் தெரியாது." கம்பிக் கதவைச் சாத்தினாள். "மயிலிஸ்கிட்ட சொல்லு, எல்லாருக்கும் கடைசியா ஒரு சாப்பாடு. பூண்டு சூப் வைக்கச் சொல்லு."

"இந்த வெயில்லயா? கொதிக்கக் கொதிக்கப் பூண்டு சூப்பா? கொலைகாரன் கெடைக்கிறதுக்கு முன்னாடி நாம போய்ச் சேந்துடுவோம்."

"ஒயினும் வைக்கச் சொல்லு. சிவப்பு. நிறைய."

*

வால்நட் மரத்தின் நிழல் மேசையைவிடச் சின்னதாக இருந்தது. ஓரத்தில் உட்கார்ந்தவர்களின் முதுகு வெயிலில் வெந்தது. சரிவு நெடுக சூரியகாந்திகள் ஏற்கெனவே தலையைத் தொங்கப் போட்டிருந்தன. வீட்டு ஜன்னல்களின் பலகைக் கதவுகள் எல்லாம் வெயிலுக்குச் சாத்தியிருந்ததால், வீடே கண்ணை மூடிக்கொண்டு செத்தவரை நினைத்துக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தது.

பல் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவர் மனைவி அவரைப் பார்த்தாள். வெர்மெயர் பாட்டிலைப் பார்த்தார். மதாம் பெக்கர் வெள்ளைத் தலையைக் குனிந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வந்த நாளிலிருந்தே அப்படித்தான். இருக்கிற இடம் தெரியாத மனுஷி.

மயிலிஸ் பெரிய சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். முட்டை கலக்கிய வெள்ளைச் சூப்பில் பூண்டு மணந்தது.

அமைதி தாங்காமல் ரெமி ஆரம்பித்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. பேசிப் பிழைக்கிறவனுக்கு வேறு என்ன தெரியும்?

"மதாம், மிஸ்யே, இந்தச் சிவப்ப முகர்ந்து பாருங்க. காட்டு பெர்ரி வாசனை. அப்புறம் தோல் வாசனை. அப்புறம், கண்ண மூடினா, மழைக்குப் பிறகு காயுற வைக்கோல்..."

"எனக்கும் ஒரு வாசனை வருது" என்றான் பஸ்தியான். "திராட்சை."

வெர்மெயர் சிரித்தார். சிரித்த கையோடு பாட்டிலை எடுத்து, பாதிச் சூப் இருக்கும்போதே கிண்ணத்தில் கவிழ்த்தார். சூப் ஊதாவாகிக் கிண்ண விளிம்பில் நின்றது. பஸ்தியான் மேசைக்கடியில் லெயோனியின் காலை மிதித்தான்.

"பாத்தீங்களா!"

"பாத்தேன். அது தாகம். பேசாம சாப்பிடு."

"ஆகா, மிஸ்யேவுக்கு நம்ம ஊர் வழக்கம் தெரியுதே!" என்று ரெமிக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. "எல்லாரும் பாருங்க. கடைசியில கொஞ்சம் சூப்ப மிச்சம் வைக்கணும். அதுல ஒயின ஊத்தணும். கிண்ணத்த ரெண்டு கையால தூக்கி மடக்குன்னு குடிக்கணும். இதுக்குப் பேர் ஷாப்ரோ. குடிச்சவனுக்கு வைத்தியனே வேணாம்பாங்க." பாட்டிலை ஆள் உயரத்துக்குத் தூக்கி, நூல் பிடித்ததுபோல் தன் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினான். பயணிகளுக்குப் பிடித்த வித்தை அது.

பல் டாக்டரும் ஊற்றினார், கொஞ்சம் சட்டையிலும். அவர் மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரு சொட்டு விட்டாள். பாட்டில் மதாம் பெக்கரிடம் வந்தது.

பஸ்தியானின் கண் வெர்மெயர் மேலேயே இருந்தது. அதனால் அவன் அதைப் பார்க்கவில்லை. லெயோனியின் கை வந்து அவன் முழங்கையை இறுக்கிப் பிடித்தபோதுதான் திரும்பினான். அந்த வெள்ளைத் தலை விதவை குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கிண்ணத்தில் இல்லை. அடுத்தவருக்குச் சூப் அள்ளிவிடும் மயிலிஸின் கைகளிலேயே இருந்தது.

"என்ன மதாம்?" என்றான் மெதுவாக.

"கரண்டி."

கிண்ணத்துக்குள் கரண்டி குப்புறக் கிடந்தது. மற்றவர்களின் கரண்டியெல்லாம் மேசையில் கிடந்தது, ரெமியுடையது உட்பட.

"கரண்டி குப்புறக் கெடந்தா கொலையா? எங்க வீட்டுல தெனம் கெடக்கும்."

"நம்ம பண்ணை வீடுகள்ல ஒயின் எவ்வளவு ஊத்துறதுன்னு ஒரு அளவு உண்டு பஸ்தியான். கரண்டியக் கவுத்துப் போட்டு, அது முதுகு மூழ்குற வரைக்கும் ஊத்துவாங்க. அதுக்கு மேல ஊத்தினா அப்பங்காரன் முறைப்பான். ரெமி அடுத்தவனப் பாத்துக் கத்துக்கிட்டவன், அவனுக்கு அது தெரியாது. அவன் காட்டாதத அந்தம்மா எங்க கத்துக்கிட்டாங்க?"

பஸ்தியான் விதவையை ஓரக்கண்ணால் பார்த்தான். "அப்ப... இங்க வேலை பாத்தவங்களா?"

"வேலைதான் பாத்தாங்க" என்றாள் லெயோனி. "சம்பளம் இல்லாம."

அவள் முகத்தில், கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு பொட்டுக் கூட இல்லை. எரிந்த கொட்டகைக்குள் கட்டிப் போட்ட மாடு இருந்தது என்று தெரிந்தபோது ஒருமுறை அவள் முகம் அப்படி இருந்ததைப் பஸ்தியான் பார்த்திருக்கிறான். லெயோனி எழுந்து மேசையைச் சுற்றிப் போய், விதவையின் தோளருகே குனிந்தாள்.

"வாங்க மதாம். கொஞ்சம் கோழியப் பாத்துட்டு வரலாம்."

*

மதாம் பெக்கர் முன்னால் போனாள், லெயோனியும் பஸ்தியானும் பின்னால். கம்பிக் கதவைத் திறந்தாள், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தாள், பார்க்காமலே கையை மூலைக்கு விட்டு, கல்லை இறக்கித் தகரத்தைத் திறந்து ஒரு பிடி சோளத்தை வீசினாள். கோழிகள் தலையைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தன. ஒரு சத்தம் இல்லை. பஸ்தியான் தொப்பியைக் கழற்றினான். இந்த முறை கோழிக்குப் பயந்து அல்ல.

தகரத்தை மூடி, கல்லைத் தூக்கி மேலே வைக்கப் போன கை பாதியில் நின்றது. அவளே அந்தக் கல்லைப் பார்த்தாள்.

"இதுலயா?" என்றாள்.

"இதுலயும், கரண்டியிலயும்" என்றாள் லெயோனி. "உக்காருங்க மதாம் நோயெலி. நோயெலி லபாதி."

ஆமாம், மயிலிஸின் அம்மாவுக்கென்று கல்லறையில் பேர் வெட்டியிருந்ததே, அந்தப் பேர்தான். ஆற்றோடு போனவள் முட்டைப் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். வலது கைச் சுண்டுவிரல் கொக்கி மாதிரி வளைந்திருந்தது.

"அத அவன்தான் ஒடிச்சான்" என்றாள், லெயோனியின் பார்வை போன இடத்தைப் பார்த்து. "கிடங்குல போட்டுப் பூட்டி வெப்பான். ஒரு நாள் இந்த வாசல் வழியா வெளிய வந்தேன். குழந்தை மாடியில, அவன் ரூம்ல. எடுக்க முடியல. திரும்பி வந்து கேட்டா குழந்தை கெணத்துல கெடக்கும்னு சொல்லி அனுப்பினான். அவன் சொன்னதச் செய்றவன். அப்புறம் நான் ஆத்துல போயிட்டேன்னு ஊருக்குச் சொன்னானாம். செத்தவளாவே இருந்துட்டேன். அவ உசுரோட இருக்கட்டும்னு."

"இப்ப ஏன் வந்தீங்க?"

"அல்சாஸ்ல ஒரு ரொட்டிக் கடைக்காரர் கட்டிக்கிட்டார். நல்லவர். போன குளிர்காலத்துல போயிட்டார். இந்த வேன் இங்க வருதுன்னு விளம்பரத்துல பாத்தேன். ஒரு தரம் பாத்துட்டுப் போயிடலாம்னு... அவ ரொட்டி வெட்டுறதப் பாத்தேன். போதும்னு இருந்துச்சு. கெளம்பியிருப்பேன் மதாம். அவன் ஒயின் கிளாஸ நீட்டினான். வாங்குன கையப் பாத்துட்டான்."

வெளியே மரத்தடியில் ரெமியின் குரல் மறுபடி எதையோ அளந்துகொண்டிருந்தது.

"காதுல சொன்னான், கோழி வாசல் வழியா வா, வழி மறந்திருக்க மாட்டேன்னு. போனேன். சிரிச்சான். தோட்டத்த விக்கப் போறேன், அவளயும் வெளிய தள்ளப் போறேன், உன்ன மாதிரியே நடந்து போகட்டும்னான். கைய ஓங்கினான். அந்தக் கை ஓங்குறத நான் எத்தனை தரம் பாத்திருக்கேன். இந்தத் தரம் பக்கத்துல சுத்தியல் இருந்துச்சு."

பஸ்தியான் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான்.

"மூணு நாளா வாயத் திறக்கலையே மதாம்" என்றாள் லெயோனி. குரலில் அதட்டல் இல்லை.

"விபத்துன்னுதானே விடுதியில சொன்னாங்க? பீப்பாய் உருண்டு விழுந்துச்சுன்னு. எங்கள நிறுத்தி வெச்சது வெறும் கையெழுத்துக்குத்தான்னாங்க. கிழவன் போனான், பொண்ணுக்குத் தோட்டம் நின்னுச்சு, அப்படியே போயிடலாம்னு..."

"சாயங்காலம் மயிலிஸைக் கூட்டிட்டுப் போறாங்க. அவதான் கொன்னான்னு."

நோயெலி எழுந்த வேகத்தில் கோழிகள் சிதறின. "யாரை? எங்க இருக்கார் அந்த அதிகாரி?" கதவுவரை போனவள் திரும்பி வந்து லெயோனியின் கையைப் பிடித்தாள். "ஒண்ணே ஒண்ணு. நான் யாருன்னு அவளுக்குத் தெரிய வேணாம். அப்பனக் கொன்னது யாரோ ஒருத்தி. அவ்வளவுதான். அம்மா ஆத்துலயே இருக்கட்டும். கேக்குறேன் மதாம்."

லெயோனி அந்த வளைந்த விரலைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை.

*

ரூக்கெத்தின் நீல வண்டி தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றபோது மயிலிஸ் கிண்ணங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் கையைத் துடைத்துவிட்டு, ஏப்ரனை அவிழ்த்து மடித்து நாற்காலியில் வைத்தாள்.

"மிஸ்யே" என்று நோயெலி நடுவில் போய் நின்றாள். "அவர நான்தான் அடிச்சேன். மேல கைய வெச்சார். பயந்துட்டேன்."

ரூக்கெத்துக்கு வாய் பிளந்தது. லெயோனியைப் பார்த்தார், விதவையைப் பார்த்தார். கஸ்தோன் கையை வைக்கிறவர் என்பது புய்காப்ரெலில் யாருக்கும் புதிய செய்தியில்லை, சாட்சி சொல்லத்தான் எவரும் வந்ததில்லை. "அந்த வாசல் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கோழி வெளிய வந்துச்சு. எங்கருந்து வருதுன்னு பாத்தேன்."

எவ்வளவு சுலபமாகச் சொன்னாள்! ரூக்கெத் தலையை ஆட்டினார். சுலபமான பதில்கள் அவருக்குப் பிடிக்கும். விலங்கை எடுத்து மாட்டினார். பல் டாக்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். வெர்மெயர், தன் வாழ்க்கையில் முதல்முறையாக இருக்கலாம், கிளாஸைக் கீழே வைத்தார்.

மயிலிஸ் எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்தாள். யாரும் தடுப்பதற்குள் கை போய்விட்டது. அந்த அறை தோட்டம் முழுக்கக் கேட்டது.

"எங்கப்பா! எப்படியாப்பட்ட ஆளா இருந்தாலும் எங்கப்பா! எனக்குன்னு அவர் ஒருத்தர்தான் இருந்தார்!"

நோயெலி முகத்தைத் திருப்பவில்லை. விலங்கு மாட்டிய இரண்டு கைகளையும் தூக்கி, அறை விழுந்த கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள், விட்டால் அது பறந்துவிடும் என்பதுபோல. அப்படியே வண்டிக்கு நடந்தாள். அப்படியே ஏறி உட்கார்ந்தாள். குழந்தை நடை பழகிய பிறகு அதன் கை தன் மேல் பட்டது அதுதான் முதல் தடவை. அதை அந்த இடத்தில் அறிந்தவர்கள் மூன்றே பேர், அறைந்தவள் அந்த மூவரில் இல்லை.

வண்டி கேட்டைத் தாண்டி வெள்ளைப் பாதையில் இறங்கியது. வளைவும் மேடுமான பாதை, மெதுவாகத்தான் போனது.

மயிலிஸ் லெயோனி பக்கம் திரும்பினாள். "நீங்க என்னக் காப்பாத்திட்டீங்க மதாம். ஆனா எனக்குப் புரியல. எங்கயோ கெடந்தவ. எதுக்கு என்னயே பாத்துட்டிருந்தா? அன்னைக்கும் இன்னைக்கும், சாப்பாடு முழுக்க... யாரு மதாம் அவ?"

பஸ்தியான் குறுக்கே வந்தான். "மதாம், அந்தம்மா கேட்டாங்களே..."

"கேட்டாங்க. நான் சரின்னு சொல்லல" என்றாள் லெயோனி. "இந்தப் பொண்ண ஒருத்தன் பொய்ய ஊட்டி வளத்திருக்கான் பஸ்தியான். ரெண்டாவது கரண்டி என் கையால வேணாம்."

பிறகு மயிலிஸின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், நாலே வாக்கியத்தில் சொன்னாள். கிடங்கு. விரல். கிணறு. பேர்.

மயிலிஸின் முகத்தில் என்ன நடந்தது என்பதைப் பஸ்தியானால் பார்க்க முடியவில்லை. அவன் கீழே குனிந்து கொண்டான். நிமிர்ந்தபோது அவள் அங்கே இல்லை. கேட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பு வழியிலேயே கிடந்தது. திராட்சை வரிசைகளுக்கு நடுவே குறுக்கே விழுந்து, எழுந்து, கையை நீட்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்து ஒருவரையும் கூப்பிட்டிராத அந்த ஒரே வார்த்தையைக் கத்திக்கொண்டு ஓடினாள். தூசியில் அந்த வார்த்தை வண்டிவரை போய்ச் சேர்ந்ததா என்பது யாருக்குத் தெரியும்?

வளைவில் வண்டி தயங்கியது. ரூக்கெத் கண்ணாடியில் பார்த்திருப்பார். தலைவிரி கோலமாய்க் கையை ஓங்கிக்கொண்டு ஓடி வருகிறாள், பாவம் அந்தக் கிழவியை மறுபடி அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்திருப்பார்.

வண்டி வேகமெடுத்தது.